பள்ளிக்கூடத்தில் பல சமயப் பாடம்: நற்காட்சிக்கு இடையூறா?



சென்ற ஆண்டில் ஒரு நாள் மாலை, நம் உறவினர் இல்லமொன்றில் இருந்தோம். கதிரவன் மறைவதற்கு முன் உணவை முடித்துவிட வேண்டும் என்று அனைவரும் இலையின் முன் அமர்ந்திருந்த வேளை. பள்ளியிலிருந்து வந்த பேத்தி, கை கால் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்தவள், பாட்டனாரைப் பார்த்துக் கேட்டாள்: "தாத்தா, சமணம் தமிழ்நாட்டில் மறைந்துவிட்டது என்று இன்றைக்கு வகுப்பில் சொன்னார்கள். அப்படியென்றால் நாம் யார்?"

முதலில் எல்லோரும் நகைத்தோம். பிறகு எவருக்கும் நகைப்பு வரவில்லை. அந்தி சாயுமுன் உண்ணும் நோன்பைப் பிறந்தது முதல் கைக்கொண்டு வரும் குழந்தை, தன் குலநெறியை இறந்தகால வினைமுற்றில் படித்துவிட்டு வந்திருக்கிறாள்!

அன்றைய உணவு முடிவதற்குள் மூன்று கருத்துகள் எழுந்தன. "உடனே கண்டித்து எழுத வேண்டும்" என்றார் சிறுமியின் தந்தையார். "சமயங்களைப் பற்றிய பாடமே பள்ளியில் வேண்டாம், கணக்கும் அறிவியலும் கற்பித்தால் போதும்" என்றார் சிற்றப்பா. "பிறர் சமயத்தை எதற்காகப் படிக்க வேண்டும்? பிஞ்சு மனம் கலைந்துபோகும். ஜினாலயத்துப் பாடசாலையில் நம் அறத்தைப் படித்தால் ஆகாதா?" என்றார் பாட்டியார். மூன்றும் அன்பினால் எழுந்தவையே. ஆயினும் அறநூல்களின் துணைகொண்டு இம்மூன்றையும் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகிறது. பொதுப்பள்ளியில் பல சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது தகுமா? தகுமெனில் எவ்வாறு கற்பிக்க வேண்டும்? அதில் நம் பங்கு யாது? இவற்றையே இக்கட்டுரையில் சிந்திப்போம்.

பள்ளி என்னும் சொல்

தமிழில் 'பள்ளி' என்பது முனிவர் உறைவிடத்தைக் குறித்த சொல். நம் மாமுனிவர்கள் தங்கிய குகைகளும் மடங்களும் பள்ளி எனப்பட்டன. அவர்கள் அங்கே தவம் இயற்றியதோடு, நாடி வந்தவர்க்கு எழுத்தும் இலக்கணமும் அறமும் கற்பித்தனர். இன்று எல்லாச் சமயத்துக் குழந்தைகளும் ஏறும் படிக்கட்டுக்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயர் வழங்குகிறது. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டொன்று கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரையும் அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் பெண்கள் நூற்றுக்கணக்கில் கூடிக் கற்ற நெறி நம்முடையது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விக்கொடையையும் ஒன்றாக வைத்த நாம், பள்ளியில் எது கற்பிக்கப்படுகிறது என்பதைப் பிறர் காரியம் என்று விட்டுவிடுதல் இயலாது.

போதனை வேறு, அறிமுகம் வேறு

இனி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று காண்போம். அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் கல்வி நிலையங்களில் சமய போதனை கூடாது என்கிறது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளிகளில், மாணவரின் இசைவு இல்லாமலும், அவர் வயது நிரம்பாதவராயின் பெற்றோரின் இசைவு இல்லாமலும், சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கும்படி வற்புறுத்துதல் ஆகாது என்றும் அதே பிரிவு காக்கிறது. சிறுபான்மையினராகிய நமக்கு இது ஒரு கவசம்.

இதனால் சமயம் என்ற சொல்லே வகுப்பறையில் ஒலிக்கக் கூடாது என்று பொருளாகுமா? ஆகாது. 1964 முதல் 1966 வரை ஆய்ந்து அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு, சமயக் கல்வியையும் சமயங்களைப் பற்றிய கல்வியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஒரு சமயத்தின் கோட்பாடுகளை அச்சமயத்தார் காணும் வண்ணமே கற்பித்து, அதில் பற்று ஏற்படுத்துவது முன்னது. பெருஞ்சமயங்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் தேர்ந்தெடுத்த செய்திகளை அறியச் செய்வது பின்னது. முன்னது அரசுப் பள்ளியின் வேலை அன்று. பின்னது குடிமைப் பயிற்சியின் ஒரு பகுதியாக அமைய வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை.

உச்ச நீதிமன்றமும் இவ்வழியே சென்றுள்ளது. குருநானக் அவர்களின் வாழ்வையும் போதனைகளையும் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ந்து கற்பிப்பது சமய போதனை ஆகாது என்று 1971-இல் கூறியது. 2000-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிக் கலைத்திட்டத்தை எதிர்த்து வந்த வழக்கில், 12-9-2002 அன்று அளித்த தீர்ப்பில், சமயங்களைப் பற்றிய படிப்பை 28-ஆம் பிரிவு தடை செய்யவில்லை என்று தெளிவுபடுத்தியது. ஆக, "பாடமே வேண்டாம்" என்ற சிற்றப்பாவின் கருத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பாடத்தை நீக்கிவிட்டால் மட்டும் குழந்தைக்கு நன்மை விளையுமா? சமயத்தைப் பற்றி வகுப்பில் கேளாத குழந்தை, அதைத் தெருவில் கேட்கும். ஏளனமாகவும் பகையாகவும் கேட்கும். வகுப்பில் பிழையாகச் சொன்னால் திருத்தலாம். தெருவில் விளைந்த பகையைத் திருத்துவது எங்ஙனம்?

மூடம் என்று அஞ்சலாமா?

பாட்டியாரின் அச்சம் இதைவிட ஆழமானது. அதை எள்ளி நகையாடுதல் தகாது. அருங்கலச்செப்பைக் கற்றவர் எவரும், நற்காட்சியைக் கெடுப்பன உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என மூன்று என்று அறிவர். பிறர் தெய்வத்தையும் பிறர் ஆசிரியரையும் பற்றிக் குழந்தை படித்தால், அது இம்மூடத்துக்கு வாயிலாகாதா என்பதே அவர் கேள்வி.

அந்நூலே இதற்கு விடையும் தருகிறது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று மயக்கமின்மை. 'அறியாமை' என்றோ 'கேளாமை' என்றோ அதற்குப் பெயர் இடவில்லை. மயங்குவதற்குரிய பொருள் எதிரில் நிற்கும்போதும் மயங்காமல் தெளிந்து காண்பதே மயக்கமின்மை. இருட்டறையில் அடைத்து வைத்த கண்ணுக்குக் கூச்சம் இல்லை என்பதனால் அதைக் கூரிய கண் என்று சொல்வோமா? அறிதல் வேறு, ஏற்றல் வேறு. பிற நெறியை அறிவது நன்ஞானத்தின் பணி. ஆராயாமல் அதை ஏற்றலே மூடம். ஆராயாமல் பழித்தலும் அதே மூடத்தின் மற்றொரு முகம் என்றே நாம் கருதுகிறோம்.

நம் முன்னோர் நடந்த வழியைப் பாருங்கள். மகாவீர பகவானின் முதற்கணதரர் கௌதமர், வேதங்களைக் கற்றுத் துறைபோகிய அந்தணர். வாதிட வந்தவர் மானத்தம்பத்தைக் கண்டதும் செருக்கு நீங்கினார் என்று நம் மரபு கூறுகிறது. அவரது செருக்கு நீங்கியது, கல்வியோ நீங்கவில்லை. அக்கல்வியே பகவானின் திருமொழியை உலகுக்கு எடுத்துரைக்கும் கருவியாயிற்று. தமிழில் நம் நீலகேசி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று ஒவ்வொருவரிடமும் சென்று வாதம் புரிவதாகப் பாடப்பட்டுள்ளது. எதிராளியின் கொள்கையைக் கசடறக் கல்லாதவர் அப்படியொரு நூலை இயற்றியிருக்க முடியுமா? சுவேதாம்பர மரபில் ஹரிபத்திர சூரி, தம் காலத்துத் தரிசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுருங்கச் சொல்லும் 'ஷட்தரிசன சமுச்சயம்' என்னும் நூலைச் செய்தார். தமக்கு உடன்பாடில்லாத உலோகாயதத்தையும் அவர் விட்டுவிடவில்லை. பல சமயப் பாடநூல் என்பது அயல்நாட்டிலிருந்து இன்றைக்கு வந்த புதுமை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்வாராக.

இக்காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில், அரசுப் பள்ளிகளில் வழிபாடாக விவிலியம் ஓதுவது கூடாது என்று 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சமயங்களைப் பற்றி நடுநிலையில் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் கூறியது. கலிபோர்னியா மாநிலத்து மொடெஸ்டோ என்னும் நகரில், 2000-ஆம் ஆண்டு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு உலக சமயங்கள் என்ற பாடத்தைக் கட்டாயமாக்கினர். முதலில் சமயச் சுதந்திரத்தைப் பற்றிக் கற்பித்துவிட்டு, அதன் பின்னரே ஒவ்வொரு சமயத்தையும் அறிமுகம் செய்தனர். இப்பாடத்தின் விளைவை ஆராய்ந்த அறிஞர் இருவர் 2006-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர்க்குப் பிற சமயத்தாரின் உரிமையில் மதிப்பு வளர்ந்தது; ஆனால் பாடம் அவர்களைத் தம் சமயத்தைவிட்டு விலகத் தூண்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பாட்டியார் போன்றோர் மனம் அமைதி பெற இது போதும் என்று கருதுகிறோம்.

ஸ்யாத் என்னும் சொல்லின் பயன்

அடுத்து, எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பது. இதற்கு உலகுக்கே வழிகாட்டக்கூடிய கருவி ஒன்று நம் கையில் இருக்கிறது. அதுவே ஸ்யாத்வாதம். எதைச் சொன்னாலும் 'ஒரு நோக்கில்' என்று குறித்துச் சொல்லுக என்பது அதன் கட்டளை. பொதுப்பள்ளி ஆசிரியர்க்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேறென்ன வேண்டும்? "இறைவன் உலகைப் படைத்தான்" என்று ஆசிரியர் சொன்னால் அது போதனை. "கிறித்தவர்களும் இஸ்லாமியர்களும் இறைவன் உலகைப் படைத்தான் என்று நம்புகின்றனர், சமணர்கள் உலகம் தோற்றமும் முடிவும் அற்றது என்று கொள்கின்றனர்" என்று சொன்னால் அது அறிமுகம். முதல் வாக்கியத்தால் நம் குழந்தையின் மனம் புண்படும். இரண்டாம் வாக்கியத்தால் எவர் மனமும் புண்படாது, எவர் கொள்கையும் மறைக்கப்படாது.

'எல்லாச் சமயமும் ஒன்றே' என்று பூசி மெழுகுவது அநேகாந்தம் அன்று. படைப்புக்கடவுள் உண்டென்பாரும் இல்லையென்பாரும் ஒன்றையே சொல்லவில்லை. வேறுபாட்டை வேறுபாடாகவே காட்டி, அவ்வேறுபாட்டோடு அருகருகே அமர்ந்திருக்கக் கற்பிப்பதே அநேகாந்தம். சமவசரணத்தில் பன்னிரண்டு கோட்டங்கள் உண்டு. தேவரும் மனிதரும் விலங்கினமும் தத்தம் இடத்தில் அமர்ந்து கேட்டனர். அங்கே மானும் புலியும் ஓருயிராகிவிடவில்லை. மான் மானாகவும் புலி புலியாகவும் இருந்தே பகையின்றி அமர்ந்திருந்தன. நல்ல வகுப்பறைக்கு அதுவன்றோ உவமை!

மற்றொரு விதியும் வேண்டும். ஒரு சமயத்தைப் பற்றி அறிய, அச்சமயத்தில் வாழ்வோரைக் கேட்க வேண்டும். இதற்கு உ. வே. சாமிநாதையர் அவர்களே சான்று. அவர் சிவபக்தி மிக்க குடும்பத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் கற்றவர். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவர்கள் தூண்ட, சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். நூலிலுள்ள நம் சமயச் செய்திகள் விளங்கவில்லை. அவர் ஊகித்து எழுதிவிடவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அந்நூலைப் பாராயணம் செய்துவந்தோரிடம் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. கேட்கும் பணிவு ஐயரவர்களிடமும், சொல்லும் அன்பு அக்காலத்து நம் பெரியோரிடமும் இருந்தமையால் தமிழுலகம் ஒரு காப்பியத்தைப் பெற்றது. இன்று நம்மிடம் எவரேனும் கேட்க வந்தால், சொல்வதற்கு நாம் ஆயத்தமாக உள்ளோமா?

நம் வீட்டுப் பேச்சு

இந்த வினாவுடன் நம்மை நாமே சோதித்துக்கொள்ளும் இடம் வருகிறது. தமிழ் வகுப்பில் திருநாவுக்கரசர் வரலாறு வரும்போது, அவரை நீற்றறையில் இட்டவர்கள் சமணர்கள் என்று கேட்டுக்கொண்டு நம் குழந்தை தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கிறது. மதுரைக் கழுவேற்றக் கதையைக் கேட்கும்போது அதன் நெஞ்சு வேறுவிதமாகத் துடிக்கிறது. அக்கதை நடந்த வரலாறுதானா என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். "சைவ மரபு இவ்வாறு கூறுகிறது" என்ற நான்கு சொற்களை ஆசிரியர் சேர்த்துச் சொன்னாலே பாதிப் புண் ஆறிவிடும். இதை நாம் கேட்பது நியாயம்.

ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் நாம் பேசுவதென்ன? அண்டை வீட்டாரின் விரதத்தையும் விழாவையும் குழந்தைகள் முன்னிலையில் நாம் இகழ்ந்ததே இல்லையா? பாடசாலையில் பிற சமயத்தைப் பற்றிச் சொல்லும்போது, அச்சமயத்துக் குழந்தை ஒன்று அங்கே அமர்ந்திருந்தால் முகம் சுளிக்காத வண்ணம் சொல்கிறோமா? இவ்வினாக்களுக்கு விடை சொல்லும்போது நமக்கே நாணம் உண்டாகிறது. அகிம்சை கைக்கும் காலுக்கும் மட்டும் விதித்த விரதமன்று. வாய்க்கும் உரியது, மனத்துக்கும் உரியது. நமக்கு வேண்டும் என்று எந்த நீதியைப் பாடநூலில் கேட்கிறோமோ, அதே நீதியைப் பிறர்க்கும் அளித்த பின்னரே நம் குரலுக்கு வலிமை உண்டாகும்.

நாம் செய்யத்தக்கவை

சிறுமியின் தந்தையார் சொன்னபடி எழுதத்தான் வேண்டும். ஆனால் கண்டனமாக எழுதாமல், திருத்தமாக எழுத வேண்டும். சமணத்தை மகாவீரர் தோற்றுவித்தார் என்று சொல்லக் கேட்டால், விருஷபதேவர் முதலாக வந்த தீர்த்தங்கரர் இருபத்து நால்வருள் அவர் இறுதியானவர் என்பது எங்கள் மரபு என்றும், இருபத்து மூன்றாமவராகிய பார்சுவநாதரை வரலாற்று ஆசிரியர் பலரும் வரலாற்று மனிதராக ஏற்கின்றனர் என்றும் எடுத்துரைக்க வேண்டும். மறைந்துபோயிற்று என்று சொல்லக் கேட்டால், 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி, வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரும் சேர்ந்து, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 89 ஆயிரம் சமணர் வாழ்கின்றனர் என்றும், மேல்சித்தாமூரில் மடமும் ஊர்தோறும் ஜினாலயங்களும் தமிழ் பேசும் நயினார் குடும்பங்களும் உள்ளன என்றும் காட்ட வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் மைய அரசு சமணரைச் சிறுபான்மைச் சமூகமாக அறிவித்தது என்பதையும் குறிப்பிடலாம்.

ஊர்ப் பள்ளி ஆசிரியரையும் மாணவரையும் ஜினாலயத்துக்கு அழைப்போம். திருமலையில் ஓங்கி நிற்கும் நேமிநாதரையும், திருப்பருத்திக்குன்றத்து ஓவியங்களையும், கொந்தகுந்தாசாரியர் நினைவைப் போற்றும் பொன்னூர் மலையையும் கண்ணாரக் கண்ட ஆசிரியர், மறுமுறை இறந்தகாலத்தில் பாடம் நடத்தமாட்டார். அவ்வாறே, மசூதிக்கோ மாதாகோவிலுக்கோ சிவாலயத்துக்கோ பள்ளியிலிருந்து அறிமுகமாக அழைத்துச் சென்றால் நம் குழந்தையையும் அனுப்புவோம். வழிபடும்படி வற்புறுத்தினால் மறுக்கும் உரிமை உண்டு. அறிந்து வருவதற்கு மறுப்புத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் நம் அறத்தைக் கற்பிப்போம். பள்ளி அறிமுகம் செய்யலாம்; பற்றை ஊட்டுவது இல்லத்தின் கடமை. நால்வகைத் தானம் எவை, மும்மணி எவை, மாலையில் ஏன் உண்டுவிடுகிறோம் என்று சொல்லத் தெரியாத குழந்தை, பிற சமயப் பாடத்தால் கலைந்தது என்று பின்னர்ப் பழி சொல்லுதல் நீதியன்று. வேர் இல்லாத செடியை விழச் செய்யப் புயல் வேண்டியதில்லை, தென்றலே போதும்.

அன்று அச்சிறுமிக்குப் பாட்டனார் சொன்ன விடையோடு முடிக்கிறோம். "நாளைக்கு ஆசிரியையிடம் வணக்கம் சொல்லிவிட்டு, 'அம்மா, நாங்கள் மறையவில்லை, நான் இருக்கிறேன்' என்று சொல். அவர் கேட்டால் நம் வழக்கங்களைச் சொல். கேட்கவில்லையென்றால் வருத்தப்படாதே. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அவள் வீட்டு நோன்பு என்ன என்று கேட்டுவிட்டு வா" என்றார் அவர். சிறுமி அவ்வாறே செய்தாள். ஆசிரியை அவளை வகுப்பின் முன் நிறுத்திப் பேசச் செய்தாராம். அருகிலிருந்த இஸ்லாமியப் பெண், "நாங்கள் ரமலானில் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவோம், நீங்கள் மறைவதற்கு முன் சாப்பிடுகிறீர்களே!" என்று வியந்தாளாம். இரு குழந்தைகளும் ஒரே கதிரவனைப் பார்த்து நோன்பு நோற்பவர்கள் என்பதை அன்று அறிந்துகொண்டார்கள். இருவரில் எவரும் தத்தம் நோன்பை விடவில்லை.

இவ்வறிவு எல்லாப் பள்ளிகளிலும் பரவ, அருகன் திருவடியைச் சிந்தித்து வணங்குவோம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!